மாண்ட மாட்டுக்கு மதிப்பென்ன?

மயிலாப்பூர் வழியாகப் பறக்கும் இரயிலிலே செல்வோர் கீழே நோக்கினால், கறுத்த நீர் தேங்கிய கால்வாயொன்று கண்ணில் படும். பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர். பெயர் சென்னையை ஆண்ட கோமகனுடையது. உழைப்போ, தாது வருடப் பஞ்சத்தால் தாக்குண்ட ஏழைகளுடையது! அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதியை, 1877, 78ஆம் ஆண்டுகளிலே பஞ்ச நிவாரணக் கூலிக்கு வெட்டியவர்கள் அவர்களே.

மழை பொய்த்தது, புல் கருகியது, தீவனமின்றிக் கால்நடைகள் மாண்டன. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டவன் தமிழன். அந்தச் செல்வத்தை இழந்து நின்றவனுக்கு அன்றைய அரசு காட்டிய வழி யாது? மண் சுமக்கும் கூலி வேலை! அந்தக் கூலியையும், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவிலே குறைக்கச் செய்தார், 1877இல் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். உழைப்பவன் உயிர் வாழ இது போதாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடிய பின்னரே கூலி உயர்ந்தது.

பல இலட்சம் உயிர்கள் மடிந்த பிறகு பஞ்சக் குழு அமைந்தது. 1880இல் அறிக்கை தந்தது. 1884இல் உழவர் கடன் சட்டம் பிறந்தது. விதை வாங்கவும் மாடு வாங்கவும் அரசே கடன் தரலாம் என்றது அச்சட்டம். தக்காவிக் கடன் என்று ஊரார் அறிந்தது இதைத்தான். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கடன்! செத்த மாட்டுக்காக அழுத கண்ணீர் காயுமுன், புது மாட்டுக்கான தவணை வந்து நிற்கும்.

கடன் என்ற நிலை மாறி, திருப்பித் தர வேண்டாத தொகை என்ற நிலை வர நெடுங்காலம் ஆயிற்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், துயர் துடைப்புக்குக் குறைந்த அளவு ஒன்றை வகுக்கப் பணித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியபோது, பசுவுக்கும் எருமைக்கும் 30,000 ரூபாயாக இருந்த தொகையை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 என்பதை 4,000 ஆகவும் தமிழ்நாட்டரசு உயர்த்திற்று. பஞ்சக் கால்வாயிலிருந்து பார்த்தால், இது பெரும் பயணம்!

பயணம் முடிந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! 2022 முதல் 2026 வரைக்கென மத்திய அரசு வகுத்த விதிகளைப் படியுங்கள். எத்தனை கால்நடைகளை இழந்தாலும், ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை இனத்தில் 3, சிறிய இனத்தில் 30 என்பதே உச்ச வரம்பு. ஐந்து பசுக்களின் பாலை ஊருக்கு ஊற்றிப் பிழைப்பவன் ஐந்தையும் பறிகொடுத்தால், மூன்றுக்கு மட்டும் 1,12,500 ரூபாய். மற்ற இரண்டும் கணக்கில் இல்லை! அந்த மூன்றுக்கும் உரிய அலுவலரின் சான்று வேண்டும். நள்ளிரவு வெள்ளம் அடித்துச் சென்ற ஆட்டின் உடலை, ஆடு மேய்க்கும் அம்மையார் எந்த ஆற்றிலே தேடுவார்?

"எல்லாம் விதி" என்று தேற்றுவோர் நம்மிடையே உண்டு. விதிக்கு விண்ணப்பம் எழுத முடியாது, அரசுக்கு எழுதலாம். ஆகவே, இளைஞர்களே, அடுத்த புயல் ஓய்ந்ததும் கால்நடை வளர்ப்போரின் குடிசைகளுக்குச் செல்லுங்கள். இறந்தவற்றைப் புதைக்குமுன் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலுவலரை அழைத்து வாருங்கள். எழுத்தறியாதார்க்கு மனு எழுதிக் கொடுங்கள். வெள்ளம் கொண்டுபோன கால்நடைக்கு அண்டை வீட்டார் சாட்சியமே சான்றாகட்டும், இழந்த எண்ணிக்கையே கணக்காகட்டும் என்று கேளுங்கள். கார்னிஷ் கேட்டதனால் கூலி உயர்ந்தது. நாம் கேட்டால் வரம்பும் உயரும்.