மாணிக்தலா தோட்டத்துச் சங்கம்

கல்லூரி மாணவர் சங்கத்தின் ஆரம்ப விழா எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, மாலை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. அதோடு சரி. அடுத்த வருஷம் மறுபடியும் ஆரம்ப விழா நடக்கும். ஆரம்பித்துக்கொண்டே இருக்கும் சங்கங்கள் நம்மிடம் ஏராளம். அங்கே வந்து பேசுகிற பிரமுகர் ஒவ்வொருவரும் மாணவர்களை "நாளைய தலைவர்களே!" என்று அழைக்கத் தவறுவதில்லை. தலைவர்கள் எப்படி உண்டாகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கல்லூரிப் படிப்பு எனக்கு இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இந்த விஷயத்தில் உபதேசம் செய்ய நான் வரவில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதில் தீராத ஆவல் உண்டு. அந்த ஆவலோடு பழைய சரித்திரங்களைப் புரட்டும்போது, கல்கத்தாவில் நடந்த ஒரு மாணவர் சங்கம் அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது.

கல்கத்தாவின் ஹிந்துக் கல்லூரி 1817ல் தொடங்கியது. நகரத்துச் செல்வர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று கூடி உண்டாக்கிய கல்லூரி. 1826ல் அங்கே இலக்கியமும் சரித்திரமும் போதிக்க ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 17. ஹென்றி டெரோஸியோ என்று பெயர். போர்ச்சுகீசிய, ஆங்கிலேய, இந்திய ரத்தம் கலந்த குடும்பம். ஆங்கிலத்தில் கவிதை எழுதுவார். அவரிடம் படித்த பையன்களில் சிலர் அவரைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர்கள்.

வகுப்பு நேரம் அவருக்குப் போதவில்லை. 1828ல் 'அகாடமிக் அசோஸியேஷன்' என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூட்டம் நடக்கும். விதி வலியதா, மனிதனின் விருப்பம் வலியதா? விக்கிரக ஆராதனை சரியா? கடவுள் உண்டா? எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கட்சியும் பேசப்படவேண்டும். கேட்பதற்குப் பெரிய மனிதர்களும் வருவார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி எட்வர்டு ரயான் வந்திருக்கிறார். கவர்னர் ஜெனரலின் அந்தரங்கக் காரியதரிசி வந்திருக்கிறார். கடிகாரத் தொழில் செய்வதற்காக இந்தியாவுக்கு வந்து, பள்ளிக்கூடம் நடத்துவதிலேயே ஆயுளைச் செலவிட்ட டேவிட் ஹேர் தவறாமல் வருவார். பேசுகிறவர்கள் என்னவோ பையன்கள்தான்.

இளமைக்குரிய ஆட்டங்களும் இல்லாமலில்லை. சாஸ்திரம் விலக்கியதை உண்பதே சீர்திருத்தம் என்று சிலர் எண்ணினார்கள். 1831 ஆகஸ்டில் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில் கூடிய நண்பர்கள் மாட்டிறைச்சி தின்று எலும்பைப் பக்கத்து பிராமணர் வீட்டில் எறிந்தார்கள்; அதன் பலனாக, அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லாத கிருஷ்ண மோகன் குடும்பத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

அதற்கு முன்பே ஊர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாக சபை கூடியது. இந்த மனிதர் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்று ஒப்புக்கொள்ள ஹேரும் வில்ஸனும் மறுத்தார்கள். ஆனால் ஊரின் மனநிலையை உத்தேசித்து அவரை விலக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அது ஹிந்து சமூகத்தின் விஷயம் என்று இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ராதாகாந்த தேவ் முதலிய மற்றவர்களின் வாக்கு அவருக்கு விரோதமாக முடிந்தது. டெரோஸியோவை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவர் ராஜிநாமாக் கடிதம் அனுப்பினார். பிறகு வில்ஸனுக்கு எழுதிய கடிதத்தில், கடவுளை மறுக்கும் ஹியூமின் வாதத்தைத் தாம் சொன்னது உண்மை, அதற்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் கொடுத்த பதிலையும் கூடவே சொன்னதும் உண்மை என்று விளக்கினார். அந்த டிசம்பரிலேயே காலராவில் மாண்டுபோனார். வயது 22.

சாதாரணமாகச் சங்கங்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆசிரியர் போனார், சங்கமும் போயிற்று என்று ஆகிவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. ஹேர் தலைமையை ஏற்றுக்கொண்டார். சங்கம் இன்னும் சில வருஷம் நடந்தது. பையன்கள் படிப்பை முடித்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். போன பிறகும் கூடினார்கள். 1838ல் 'பொது அறிவு சேகரிக்கும் சங்கம்' என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள். இங்கே விஷயம் மாறிவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். கடவுள் உண்டா என்ற தர்க்கம் பின்னுக்குப் போய்விட்டது. பாங்குரா எப்படி இருக்கிறது, சிட்டகாங்கின் நிலவரம் என்ன, ஹிந்துப் பெண்களின் கதி என்ன என்று கட்டுரை படித்தார்கள். தோட்டத்து வீட்டில் வார்த்தைகளோடு மல்லுக்கு நின்றவர்கள், தேசம் என்பது எந்த ஊர்களால் ஆனது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

1843ல் ஒரு பரீட்சை வந்தது. ஹிந்துக் கல்லூரி மண்டபத்தில் கூட்டம். தக்ஷிணாரஞ்சன் முகர்ஜி, கம்பெனியின் நீதிமன்றங்களையும் போலீஸையும் கண்டித்துக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் தலைவர் ரிச்சர்ட்ஸன் அங்கே இருந்தார். ஷேக்ஸ்பியரை அவர் வாசிக்கக் கேட்பதே ஒரு பாக்கியம் என்று பெயர் வாங்கிய ஆசிரியர். அவர் எழுந்து, இந்த மண்டபம் ராஜத் துரோகிகளின் குகையாக மாறுவதைத் தாம் அனுமதிக்க முடியாது என்று இரைந்தார். அன்று சபைக்குத் தலைமை வகித்தவர் தாராசந்த் சக்ரவர்த்தி. அதே கல்லூரியின் பழைய மாணவர். அவர் கூச்சல் போடவில்லை. இது சங்கத்தின் கூட்டம், தாங்கள் பார்வையாளராக வந்திருக்கிறீர்கள், குறுக்கிடத் தங்களுக்கு உரிமை இல்லை, சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் மேலிடத்தில் முறையிடுவோம் என்று தெரிவித்தார். பிறகு சங்கம் கல்லூரி மண்டபத்தை விட்டு வேறிடத்தில் கூடியது.

தலைமை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தாராசந்த் பிரமாதமாக ஒன்றும் பேசிவிடவில்லை. பேசுகிறவனுக்குப் பேச உரிமை உண்டு. அதைக் காப்பது நாற்காலியில் இருப்பவன் கடமை. அவ்வளவுதான். அந்த வழக்கம் பதினைந்து வருஷக் கூட்டங்களில் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதே வருஷம், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார், சர்வே இலாகாவின் கூலியாட்களைச் சம்பளமின்றிச் சுமை தூக்கவைத்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை டேராடூனில் எதிர்த்து நின்றார். ரூ. 200 அபராதம் விதித்தார்கள்; கட்டினார். பின்னால் 1852ல், உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் எது என்று கணக்குப் போட்டுக் கண்டவர் என்று பெயர் பெற்றவரும் அவரே. சிகரத்துக்கு வைத்தது அவர் பெயரல்ல, எவரெஸ்டின் பெயர்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் பெரும்பாலும் மேல் ஜாதியினர், ஆங்கிலம் படித்தவர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசி ஆங்கிலத்தில் எழுதினார்கள். குடியானவனுக்கும் அடுப்பங்கரைப் பெண்ணுக்கும் இவர்கள் பேசியது எட்டவே இல்லை. அந்தக் குறையை அவர்களில் இருவராவது உணர்ந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1854ல் பியாரி சந்த் மித்ராவும் ராதாநாத்தும் சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்தார்கள். சாமானிய ஜனங்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, பேச்சு வங்காளியில் எழுதினார்கள். அதில்தான் பியாரி சந்த் ஒரு தொடர்கதை எழுதினார். 1858ல் புஸ்தகமாக வந்தது. வங்காளி நாவலின் ஆரம்பம் என்று பலர் சொல்லும் கதை அது. ஒரு பேச்சுச் சங்கம் எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

இன்னொரு விஷயம். 1851ல் பிரிட்டிஷ் இந்திய சங்கம் தோன்றியபோது அதற்குத் தலைவரானவர் ராதாகாந்த தேவ். இவர்களுடைய ஆசிரியரை விலக்க வாக்களித்த அதே மனிதர். கமிட்டியில் டெரோஸியோவின் மாணவர்களான ராம் கோபால் கோஷும் பியாரி சந்தும் இருந்தார்கள். பழைய காயத்தை அவர்கள் மறந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பொதுக் காரியத்துக்காக எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, தாங்கள் சொல்லவேண்டியதைச் சொல்ல அவர்களால் முடிந்தது. எலும்பை எறிந்த கூட்டத்தின் தோழர்கள் இருபது வருஷத்தில் வந்துசேர்ந்த இடம் இது.

இப்போது கல்லூரிகளில் தலைமைப் பயிற்சி என்று தனியாகவே முகாம் நடத்துகிறார்கள். இரண்டு நாளில் சான்றிதழும் கிடைத்துவிடுகிறது. நடத்தட்டும், வேண்டாம் என்று சொல்வானேன்? ஆனால் மாணவர்களிடையே உண்மையில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். ஓர் அறையைக் கொடுங்கள். முறை தவறாமல் கூடச் சொல்லுங்கள். ஒரு கட்சி பேசினால் மறு கட்சியும் பேசவேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். தலைமை நாற்காலியைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, நீங்கள் டேவிட் ஹேரைப்போல ஒரு பக்கமாக உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் உங்களுக்குப் பிடிக்காததைப் பேசும் நாளில் ரிச்சர்ட்ஸனைப்போல எழுந்துவிடாமல் இருந்தால் போதும்.