முதலுதவிப் பெட்டி: உள்ளே வந்தவையும் வெளியே போனவையும்

நம்ம ஊர்ப் பேருந்துகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். "முதலுதவி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் அழுக்குத் துணி, ஊதுவத்திப் பாக்கெட், பழைய டிக்கெட் கட்டு என்று என்னென்னவோ இருக்கும். மருந்து மட்டும் இருக்காது! இதைச் சொல்லி நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் சுமார் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதற்குள் எதை வைப்பது என்று கண்டுபிடிக்கப் பலர் உழைத்திருக்கிறார்கள். எதை வைக்கக் கூடாது என்று கண்டுபிடிக்க அதைவிட அதிக காலம் ஆகியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

போர்க்களத்தில் பிறந்தது

1859ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று இத்தாலியின் வடக்கே சோல்ஃபெரினோ என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. பிரான்சும் சார்டினியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா மறுபக்கம். சொந்த வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த ஹென்றி டுனான்ட் என்ற சுவிட்சர்லாந்து வியாபாரி, ஆயிரக்கணக்கான வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்த நாட்டு வீரன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் ஏற்பாடு செய்தார். 1862இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்ததற்கு அந்தப் புத்தகம்தான் காரணம்.

டுனான்ட் டாக்டர் இல்லை, அந்தப் பெண்களும் நர்சுகள் இல்லை. டாக்டர் வரும்வரை சாதாரண ஆட்களும் ஏதாவது செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் முதலுதவியின் மொத்தக் கதையும் அடங்கியிருக்கிறது.

அடுத்து வருபவர் ஃப்ரீட்ரிக் எஸ்மார்க் என்ற ஜெர்மன் ராணுவ அறுவை மருத்துவர். முக்கோணத் துணிக் கட்டைப் பிரபலமாக்கியவர் இவர். முக்கோணமாக வெட்டிய ஒரு துணி இருந்தால் தலைக்குக் கட்டலாம், கையைத் தொட்டில் போலத் தொங்கவிடலாம், மடித்து முழங்காலில் சுற்றலாம். இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. எப்படியெல்லாம் கட்டலாம் என்ற படங்களை அந்தத் துணி மேலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாத சிப்பாய்கூடப் படத்தைப் பார்த்துக் கட்டிவிடலாம். மருந்தும் செய்முறை விளக்கமும் ஒரே துணியில்!

இங்கிலாந்தில் 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. மறு வருடமே பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவரும் பிரான்சிஸ் டங்கன் என்ற அதிகாரியும் வூலிச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். பாடப் புத்தகத்தை எழுதியவர் ஷெப்பர்ட். 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இசாண்ட்ல்வானா போரில் அவர் இறந்துபோனார். எல்லோரும் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, காயம்பட்ட ஒரு வீரரைக் கவனிக்கக் குதிரையிலிருந்து இறங்கினார், அப்போது கொல்லப்பட்டார் என்று பதிவாகியிருக்கிறது. தான் எழுதிய பாடத்தைத் தானே கடைசிவரை பின்பற்றியவர்.

ரயில் பாதையில் வளர்ந்தது

கட்டுத் துணி தயார். ஆனால் அது சுத்தமான துணியா? இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர் ஜோசப் லிஸ்டர். 1865இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் சீழ் பிடித்துக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வருவது சகஜம். இந்தப் பையனுக்குக் கால் பிழைத்தது. 1867இல் லிஸ்டர் தன் முடிவுகளை வெளியிட்டார்.

லிஸ்டரின் கருத்தை வியாபாரமாக மாற்றியது அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம். 1886இல் தொடங்கியபோது அதன் முக்கியச் சரக்கே கிருமி நீக்கிய பஞ்சும் கட்டுத் துணியும்தான். அப்போது அமெரிக்க ரயில்வேயில் வேலை செய்வது உயிரோடு விளையாடுவது மாதிரி. இரண்டு பெட்டிகளை இணைக்க, ஓடி வரும் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கையால் ஊசியைச் செருக வேண்டும். அதில் விரல் போனவர்கள் ஏராளம். தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893இல்தான் வந்தது. பாதை போடுகிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி பல மைல் தூரம்.

நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உட் ஜான்சன் ஒரு ரயில் பயணத்தில் ரயில்வே மருத்துவர் ஒருவரோடு பேசிக்கொண்டு போனாராம். தொழிலாளிகளுக்கு அடிபட்டால் கைக்கு எட்டுகிற இடத்தில் எதுவுமே இல்லை என்று அந்த மருத்துவர் சொல்ல, இவருக்கு யோசனை வந்ததாம். நிறுவனம் சொல்லும் கதை இது. 1888இல் ரயில்வேக்கான முதலுதவிப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. கடையில் வாங்கக்கூடிய முதலுதவிப் பெட்டியின் ஆரம்பம் இதுதான் என்பார்கள்.

சமையலறைக்குள் நுழைந்தது

போர்க்களத்துக்கும் ரயில்வேக்கும் பெட்டி வந்துவிட்டது. வீட்டுக்கு? அதே நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தவர் ஏர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசஃபின் சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வாராம், சுட்டுக்கொள்வாராம். ஒற்றைக் கையால் பஞ்சை வைத்துக் கட்டுவது லேசான காரியமா? 1920இல் டிக்சன் ஒட்டும் பட்டையின் நடுவில் அங்கங்கே பஞ்சுத் துணியை வைத்து, அழுக்கு ஒட்டாமல் இருக்க மேலே வேறு துணியால் மூடிக் கொடுத்தார். வேண்டிய அளவு வெட்டி, தானே ஒட்டிக்கொள்ளலாம். அதுதான் பேண்ட்-எய்ட். முதலில் கையால் செய்ததால் பெரிய பட்டையாக, 18 அங்குல நீளத்தில் வந்தது. விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்று பெட்டிக்கடையில்கூடச் சில்லறைக்குக் கிடைக்கிறது.

பயணப் பெட்டியின் கதை வேறு. பாட்டில் மருந்துகள் பயணத்தில் உடையும், சிந்தும், அளந்து குடிப்பதும் கஷ்டம். லண்டனில் 1880இல் தொடங்கிய பரோஸ் வெல்கம் நிறுவனம் மருந்துகளை அழுத்தி மாத்திரைகளாக்கி விற்றது. 1884இல் அதற்கு "டாப்ளாய்டு" என்று பெயரைப் பதிவு செய்தது. ஆப்பிரிக்காவுக்குப் போன ஸ்டான்லி போன்றவர்கள் இந்த மருந்துப் பெட்டிகளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னதாகச் சுருக்கியது என்ற பொருளில் அந்தப் பெயர் பிறகு பத்திரிகைக்குப் போய்விட்டது. இன்று டாப்ளாய்டு என்றால் யாருக்கும் மாத்திரை ஞாபகம் வராது.

வெளியே போனவை

இதுவரை சொன்னது உள்ளே வந்தவை. இனி, பெட்டியிலிருந்து வெளியே போனவை.

முதலில் பாம்புக்கடி. 1904இல் லாடர் பிரண்டன், ஜோசப் ஃபேரர், லியோனார்டு ரோஜர்ஸ் ஆகிய மூவரும் ஒரு முறையை அறிவித்தார்கள். கடித்த இடத்தைக் கீறி, அதில் பெர்மாங்கனேட் படிகத்தைத் தேய்ப்பது. இதற்காகச் சின்ன மரக் குழாய் ஒன்று வந்தது. ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் மருந்து. பிரிட்டிஷ் இந்தியாவில் இது வெகுவாகப் பரவியது. செய்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, பெரிய மருத்துவர்கள். ஆனாலும் அந்த முறை பயனற்றது என்று பின்னால் தெரிந்தது. விஷம் அதற்குள் திசுக்களில் பரவியிருக்கும். கீறுவதால் ரத்தப்போக்கும் சீழும்தான் மிச்சம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. உண்மையான மருந்து விஷமுறிவு ஊசி மட்டுமே. அதைத் தயாரிக்க விஷம் வேண்டும். நம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த ஊசியை வீட்டுப் பெட்டியில் வைக்க முடியாது, ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். அதனால் பாம்புக்கடிக்கு நம் பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து: ஒன்றுமில்லை. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் சீக்கிரம் கொண்டுபோவதுதான் முதலுதவி.

அடுத்தது மெர்க்குரோகுரோம். முட்டியில் சிராய்த்தால் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுவார்களே, அந்தச் சிவப்பு மருந்து. பாதரசம் கலந்தது என்பதால் அமெரிக்கா 1998இல் அதைப் பாதுகாப்பான மருந்துகள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அடியின் உண்மையான நிறத்தையும் அது மறைத்துவிடும். வெட்டுக்காயத்தில் காபித்தூளை அப்புவதும், சுட்ட இடத்தில் பற்பசை, வெண்ணெய் தடவுவதும் இதே ரகம்தான். தீக்காயத்துக்குச் சிறந்த மருந்து குழாயடியில் இருக்கிறது. 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், போதும்.

வெளியே போய் மீண்டும் உள்ளே வந்தவையும் உண்டு. டூர்னிகே என்ற இறுக்குப்பட்டை கை காலை அழித்துவிடும் என்று பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பிறகு, உயிர் போகிற அளவுக்கு ரத்தம் கொட்டும்போது அது உயிரைக் காக்கும் என்று மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி உள்ளவர் கையில்.

ஒரு பொட்டலத்தின் வெற்றி

உள்ளே வந்தவற்றில் எதற்கு முதல் பரிசு என்று கேட்டால் நான் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைத்தான் சொல்வேன். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலநபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உறவினர்கள்தான் அங்கே நர்சுகள். சோல்ஃபெரினோவில் பார்த்த அதே காட்சி! அவர் 2022இல் மறைந்தார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பெட்டியும் ஆளும்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 45ஆவது பிரிவு சுவாரசியமானது. 150 தொழிலாளிகளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது. குறிப்பிட்ட பொருட்களைத் தவிர வேறு எதையும் அதில் வைக்கக் கூடாது என்றது (ஊதுவத்திப் பாக்கெட்டை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்!). எல்லாவற்றுக்கும் மேலாக, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆளின் பொறுப்பில் பெட்டி இருக்க வேண்டும், வேலை நேரத்தில் அவர் எப்போதும் கிடைக்க வேண்டும் என்றது. ஆள் இல்லாத பெட்டி வெறும் தகரம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், யாரும் தொடமாட்டார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது பதில் இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இதையும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, நம் பெட்டியில் என்ன வைப்பது?

வீட்டுக்கு: பேண்ட்-எய்ட், கிருமி நீக்கிய காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், ஒட்டும் டேப், எஸ்மார்க்கின் முக்கோணத் துணி, கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, கையுறை, தெர்மாமீட்டர், போவிடோன் அயோடின், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆனால் பூட்டிச் சாவியைத் தொலைக்காதீர்கள்.

காருக்கு: இங்கே கவலை ரத்தப்போக்குதான். பெரிய காஸ் துணிகள் நிறைய, அகலமான பேண்டேஜ், கையுறை, கத்தரிக்கோல், டார்ச். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாத்திரைகள் கெட்டுவிடும், அங்கே வைக்க வேண்டாம். காயத்தின் மேல் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள், யாரையாவது 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பயணத்துக்கு: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், செருப்புக் கடிக்கு பேண்ட்-எய்ட், காய்ச்சல் மாத்திரை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் மேலே போட்ட பெட்டியில் இருக்கும் இன்ஹேலர் யாருக்கு உதவும்?

வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, பெட்டியைத் திறந்து தேதி முடிந்தவற்றை எடுத்துப் போடுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். சோல்ஃபெரினோவில் அந்த ஊர்ப் பெண்களிடம் பெட்டி எதுவும் இல்லை. துணியும் தண்ணீரும் அவர்களும்தான் இருந்தார்கள்.