திரும்பி வராத கேட்டலினாக்கள்

சென்ற வாரம் சிங்கப்பூர் வீழ்ந்ததைப் பார்த்தோம். ஜப்பானின் அடுத்த குறி இலங்கை. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ, 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். அவர் எந்தத் திசையில் வருகிறார் என்று பார்த்துச் சொல்லும் வேலை, காலிக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்கியிருந்த சில கேட்டலினா விமானங்களின் தலையில் விழுந்தது. 

கேட்டலினா நீரில் இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம். ஒரு முழுப் பகலும் அதற்கு மேலும் பறக்கும். ஆனால் வேகம் கிடையாது. ஜப்பானின் ஜீரோ போர் விமானம் துரத்தினால் தப்ப வழியில்லை. அதில் ஏறியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஏப்ரல் 4. ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கனடாவின் 413-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த லெனர்ட் பர்ச்சாலின் விமானம் ரோந்தில் இருந்தது. மாலை நான்கு மணியளவில் தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. பர்ச்சால் விலகிப் போகவில்லை. எத்தனை கப்பல், என்ன வகை என்று பார்க்க நெருங்கிப் போனார். ரேடியோ ஆபரேட்டர் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தபோதே ஜீரோக்கள் சூழ்ந்து சுட்டன. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். மற்ற ஆறு பேரையும் ஜப்பானியர் கடலிலிருந்து தூக்கிச் சிறைப்பிடித்தனர்.

செய்தி அரைகுறையாகத்தான் வந்தது. ஆனாலும் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பலவற்றை வெளியே அனுப்ப அது போதுமானதாக இருந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. குண்டுவீச்சு நடந்தது, துறைமுகம் நிறையக் கப்பல்கள் நின்றிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய பேரழிவு நடக்கவில்லை. பர்ச்சால் ‘இலங்கையைக் காத்தவர்’ என்று புகழப்பட்டார். போர் முடிந்து சிறையிலிருந்து மீண்டு, 2004 வரை வாழ்ந்தார். அந்தப் புகழுக்கு அவர் முற்றிலும் தகுதியானவர்.

ஆனால் கதை அவரோடு முடியவில்லை. பர்ச்சாலின் குரல் அடங்கிய அன்று மாலையே, நகுமோவைப் பின்தொடர இன்னொரு கேட்டலினா புறப்பட்டது. பிரிட்டனின் 205-ஆவது படைப்பிரிவு; விமானி கிரஹாம். எதிரிக் கப்பல்களைக் கண்டார், செய்தி அனுப்பினார். அதன்பின் அந்த விமானத்திலிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஏப்ரல் 9 காலை, 413-ஆவது பிரிவின் தாமஸ் திருகோணமலைக்குக் கிழக்கே அதே கப்பற்படையைக் கண்டு தகவல் கொடுத்தார். அவருடைய விமானமும் திரும்பவில்லை. இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது.

அந்த வாரம் நம் கரையையும் உலுக்கியது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்ற பேச்சில் சென்னையே மூட்டை முடிச்சோடு கிளம்பியது. கடலில் எதிரி எங்கே நிற்கிறான் என்று ஊரே தெரியாமல் தவித்த நாட்களில், உயிரைக் கொடுத்து அந்தத் தகவலைத் தந்தவர்கள் இவர்கள்.

பர்ச்சால் கண்டது ரோந்தின்போது. கிரஹாமும் தாமஸும் முன்னே போனவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்தே போனார்கள். வீரம் என்று பார்த்தால் இவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். உயிரோடு திரும்பிவந்து சொல்ல ஆளில்லாததால்தான் இவர்கள் கதை பின்னுக்குப் போனது.

இந்தப் பகுதிக் கடல்களில் மறைந்து, கல்லறைகூட இல்லாமல் போன காமன்வெல்த் விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் இருக்கின்றன. அங்கே பொறிக்கப்பட்டுள்ள பெயர்கள் மொத்தம் 24,000-க்கும் மேல். சிங்கப்பூரில் வாழும் வாசகர்கள் ஒருநாள் அங்கே போய், 1942 ஏப்ரலில் மறைந்தவர்களின் பெயர்களைத் தேடிப் படியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

(தொடரும்)