பனிமலை வாத்தியார்கள் எல்லை தாண்டிய கதை

அத்திபெலேயில் குடியிருக்கும் நமக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் ஓசூர், இரவில் இங்கே என்று நம்மில் பலருக்குப் பிழைப்பே எல்லை தாண்டித்தான். ஆனால் பனியே விழாத ஊரில் இருந்துகொண்டு பனிச்சறுக்கு ஆசிரியர்களின் வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்குங்க.

நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிப் பனிச்சரிவில் இறங்கும் இந்த வித்தை, ஆசிரியர்கள் வழியாகவே நாடு விட்டு நாடு போனது. 1911 ஜனவரியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரி தியோடர் ஃபான் லெர்ச், ஜப்பானின் தகடா நகரில் அந்நாட்டு வீரர்களுக்கு இதைக் கற்பித்தார். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலையில் பெயர் பெற்ற ஆசிரியர் ஹானஸ் ஷ்னைடரும் 1930-இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டார். அவரை 1938-இல் நாஜிகள் கைது செய்தார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் நார்த் கான்வே போய்ச் சேர்ந்து, அங்கே மீண்டும் கற்றுத்தரத் தொடங்கினார். ஊர் கைவிட்டுப் போனாலும் வித்தை கூடவே வந்தது.

சண்டையும் இல்லாமல் இல்லை. பலகைகளின் பின்பக்கத்தை அகட்டித் திரும்பக் கற்றுக்கொடுத்தது ஆர்ல்பெர்க் முறை. இரண்டையும் இணையாகவே வைத்துத் திரும்பலாம் என்றார் 1937-இல் உலகப் பட்டம் வென்ற பிரெஞ்சுக்காரர் எமில் அலே. எங்க முறைதான் சரி என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், 1951-இல், ஆஸ்திரியாவின் ட்ஸ்யூர்ஸ் என்ற மலையூரில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடினார்கள். 'இன்டர்ஸ்கி' மாநாடுகளின் தொடக்கம் அதுதான். 1968-இல் அமெரிக்காவின் ஆஸ்பென், 1979-இல் ஜப்பானின் ஸாவோ, 2023-இல் பின்லாந்தின் லெவி என்று அது தொடர்கிறது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் ஒரே சரிவில் தன் முறையில் இறங்கிக் காட்டும். மற்றவர்கள் பார்த்துக் கற்பார்கள். பின்னர் அமைந்த சர்வதேசப் பனிச்சறுக்கு ஆசிரியர் சங்கம், பயிற்சிக்குக் குறைந்தபட்சத் தரம் ஒன்றை வகுத்தது. அதன் முத்திரை இருந்தால், ஆசிரியர் தேறியவர்தான் என்று பிற நாட்டாரும் அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1960-களில் இந்திய அரசு அழைத்த ஆஸ்திரிய வல்லுநர் ருடால்ஃப் மாட், காஷ்மீரின் குல்மார்க்கைப் பொருத்தமான இடமாகத் தேர்ந்தார். 1968-இல் அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நிறுவனம் ஏற்பட்டது. அதே குல்மார்க்கில் 2024-இல் நடந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில், பனியே விழாத கர்நாடகத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் குடகுப் பெண் பவானி!

அந்த ஆசிரியர்கள் யாரும் தங்கள் முறையைத் தூக்கி எறியவில்லை. அடுத்தவர் முறையையும் கூர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். எதையும் இழக்காமலே இன்னொன்றைக் கற்கலாம் என்று அவர்களுக்குப் புரியும்.