நின்றுபோகும் புல்லட்: மெல்லோட்டத்தின் வரலாறு

உத்திரமேரூருக்குப் புறப்பட்ட நம் குழுவில் ஐவர் காரிலும் இருவர் புல்லட்டிலும் சென்றோம். புல்லட் நண்பருடையது, அவருடைய தந்தையார் 1982இல் வாங்கியது. நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குறையொன்றும் சொல்ல முடியாதபடி ஓடிய அவ்வண்டி, செங்கல்பட்டு நெரிசலில் வேகம் குறைந்ததும் தடுமாறத் தொடங்கியது. ஒரு துடிப்பு வரும், அடுத்தது வராது, பிறகு இருமல்போல் ஓர் ஒலி, பிறகு அமைதி. முதற் பராந்தகரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளின் முன் நாம் நின்றபோது பிற்பகலாகிவிட்டது. நண்பர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "வித்துடலாம்னு இருக்கேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அலுத்துப்போனதற்குக் காரணம் இருந்தது. தந்தையார் மறைந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று பட்டறைகள் அவ்வண்டியைப் பார்த்துவிட்டன. கார்புரேட்டர் இருமுறை மாற்றப்பட்டது. மூன்றாவது பட்டறை, இனி எஞ்சினையே பிரித்து சிலிண்டரைக் கடைந்தாக வேண்டும் என்று ஒரு பெருந்தொகையைச் சொல்லியிருந்தது.

வேகமாக ஓடும் எஞ்சின் மெதுவாக ஓட ஏன் மறுக்கிறது? கேள்வி எளிதாகத் தோன்றினாலும், விடை நம்மை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கி அழைத்துச் சென்றது.

முதலில் ஒரு சிறு கணக்கு. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் சென்றுவரும் தொலைவு 90. ஆகக் கொள்ளளவு 346 சிசி. நான்கு வீச்சு எஞ்சினாதலால் இரு சுழற்சிக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுழற்சியில் நிற்கையில் வினாடிக்கு ஏழரை வெடிப்புகளே நிகழ்கின்றன. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எஞ்சினைச் சுழற்றிச் செல்வது கனத்த ஃப்ளைவீல் சேமித்து வைத்துள்ள வேகம் மட்டுமே. ஓட்டத்தில் இருக்கும்போது ஒரு வெடிப்புத் தவறினால் யாருக்கும் தெரியாது. நிற்கும்போது தவறினால் எஞ்சினே நின்றுபோகும். புல்லட் பிரியர்கள் மயங்கிக் கேட்கும் அந்த "டப்... டப்..." ஓசை, நின்றுபோவதற்குச் சற்று முந்தைய நிலைதான்! அவ்வோசைக்காகவே வேகத்தை மேலும் மேலும் குறைத்து வைப்போர் உளர். எண்ணெய் பம்பும் அதே எஞ்சினால்தான் சுழல்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

இனி வரலாறு. 1885இல் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய இருசக்கர வண்டியில் எரிபொருளைப் பற்றவைத்தது, வெளியே சுடரால் பழுக்கக் காய்ச்சப்பட்ட ஒரு குழாய். எப்போது பற்ற வேண்டும் என்று அதற்கு ஆணையிட முடியாது. ஏறத்தாழ 600 சுழற்சிகளே அதன் எல்லை. அடுத்த பத்தாண்டுகளில் பிரான்சின் டி டியோன்-பூதோன் நிறுவனம், மின்சுற்றை உரிய நேரத்தில் துண்டித்துப் பொறியை எழுப்பும் முறையைத் தன் சிறு எஞ்சினில் செம்மைப்படுத்தியது. நம் மெக்கானிக்குகள் 'பாயின்ட்' என்றழைக்கும் பொருளின் மூதாதை அதுவே. பொறிக்கு ஒரு நேரம் உண்டு என்றானதும், அந்நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதும் தெரியவந்தது. வேகமாக ஓடும்போது பொறி முன்கூட்டியே வேண்டும். மெதுவாக ஓடும்போது தாமதமாக வேண்டும். மெதுவான ஓட்டத்தில் பொறி முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும்.

அந்நாளைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளட்சே கிடையாது. எஞ்சினிலிருந்து தோல் வார் நேரே பின்சக்கரத்துக்குச் செல்லும். வண்டியை நிறுத்தினால் எஞ்சினும் நின்றாக வேண்டும். பிறகு தள்ளிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். எனவே எஞ்சின் நின்ற இடத்தில் அமைதியாகத் துடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. கிளட்சும் கியரும் பரவிய பின்னரே அத்தேவை எழுந்தது. அதை முதலில் நிறைவேற்றியது கருவியன்று, ஓட்டுநரின் கை. காற்றுக்கு ஒரு நெம்புகோல், எரிபொருள் கலவைக்கு ஒன்று, பொறியின் நேரத்துக்கு ஒன்று. எஞ்சின் முனகினால் விரல் நகரும். காதும் விரலும் சேர்ந்து செய்த வேலை அது; வீணைக்குச் சுருதி சேர்ப்பதை ஒத்தது என்றால் மிகையாகாது.

அவ்விரல்களின் வேலையைக் கருவிகள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டதே பிற்கால வரலாறு. மூன்று ஆங்கில கார்புரேட்டர் நிறுவனங்கள் இணைந்து 1927இல் அமல் உருவானது. திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்போது காற்றோட்டம் மெலிந்து, பிரதான ஜெட்டிலிருந்து எரிபொருளை இழுக்கும் வலுவை இழக்கிறது. அந்நேரத்துக்கென்றே மயிரிழை போன்ற தனிவழி ஒன்று வேண்டும். அதுவே பைலட் ஜெட். ஒரு தூசி போதும் அதை அடைக்க. பொறியின் நேரத்தை நகர்த்திய விரலுக்கு மாற்றாக வந்தவை இரு சிறு எடைகளும் இரு மெல்லிய சுருள்வில்களும். சுழற்சி கூடினால் எடைகள் விரிந்து பொறியை முந்தச் செய்யும். குறைந்தால் வில்கள் எடைகளை உள்ளிழுத்துக்கொள்ளும்.

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்த புல்லட் சென்னைக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் உதிரிகள் பூட்டப்பட்டன. பின்னர் முழு வண்டியுமே அங்கு உருவாயிற்று. ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீட்டில் அழிந்துபட்ட நூலின் படி ஒன்று வேற்றூரில் கிடைப்பதுபோல, ஐம்பதுகளின் ஆங்கிலப் பொறியியல் அடுத்த நூற்றாண்டு தொடங்கிய பின்னும் இங்கே உயிரோடிருந்தது. நண்பரின் வண்டியில் இருப்பவையும் அதே பாயின்ட், அதே எடைகள், அதே வில்கள்.

அவ்வண்டியை எழுபது கடந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் திருப்புளியை எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கின் மேலுள்ள அம்மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயின்ட் மூடித் திறக்கும்போதெல்லாம் அம்முள் துள்ள வேண்டும். துள்ளியது, ஆனால் சீராக அன்று.

"கார்புரேட்டர் மேல பழியப் போட்டுட்டாங்க தம்பி" என்றார்.

ஆயினும் அவர் தாவிச் செல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்; கரி படிந்து கறுத்திருந்தது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் விளிம்பில் எண்ணெய் தடவிப் பார்த்தார். ஓட்டம் மாறாததால் அங்கே காற்றுக் கசியவில்லை என்றானது. எஞ்சின் ஆறியபின் வால்வுத் தண்டுகளை இரு விரல்களால் உருட்டினார். மேலும் கீழும் ஆடாமல் தாராளமாக உருண்டன, அதுதான் சரி. உதைத்துப் பார்த்ததில் அழுத்தமும் குறையவில்லை. சிலிண்டரைக் கடையச் சொன்ன பட்டறையை நினைத்துக்கொண்டோம். அதன்பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் சரியாகவே இருந்தது. தண்டைப் பக்கவாட்டில் விரலால் தள்ளினார். இடைவெளி பாதியாகச் சுருங்கியது. உள்ளிருந்த புஷ் தேய்ந்திருந்தது. அதற்கும் கீழே இரு வில்களும் தளர்ந்து, எடைகளை உள்ளிழுக்க மாட்டாமல் தொங்கின.

பொறி எப்போதும் முந்தியே வந்துகொண்டிருந்திருக்கிறது. வேகத்தில் அது முந்தத்தான் வேண்டும். ஆகவே அங்கே குறை தெரியவில்லை. மெல்லோட்டத்தில் தடுமாறியதும், பார்த்தவர் ஒவ்வொருவரும் எரிபொருளைக் கூட்டினர். அதனால் பிளக் கறுத்தது. கறுத்த பிளக் மேலும் தடுமாற வைத்தது. மூலப் பாடத்தில் இருந்த பிழையைக் காணாமல், ஒவ்வோர் உரையாசிரியரும் முந்தைய உரையைத் திருத்திச் சென்றதுபோல் என்று நம்முள் ஒருவர் சொல்ல, பெரியவர் புரியாமல் பார்த்தார்.

புதுப்பேட்டையில் வில்கள் கிடைத்தன. புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். காற்றுத் திருகை முழுதும் உள்ளே திருகிப் பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தினார் பெரியவர். கால் சுற்றுக்கும் குறைவாக இறுதியில் நகர்த்திய அந்த அசைவை அளந்து சொல்ல நம்மால் இயலாது.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகளையொட்டிப் புல்லட்டும் கார்புரேட்டரைக் கைவிட்டது. கலவையையும் பொறியின் நேரத்தையும் இன்று மின்னணுக் கருவியே கணக்கிடுகிறது. பெரியவரிடம் தொழில் கற்க இப்போது எவரும் வருவதில்லை. அவர் சொன்ன அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். காதால் கேட்டுச் செய்ததை எழுத முடியவில்லை.

நண்பர் வண்டியை விற்கவில்லை. அடுத்த மாதம் உத்திரமேரூருக்கு மறுபடியும் போகிறோம். இம்முறை கல்வெட்டைப் படித்தே தீருவதாகச் சொல்லியிருக்கிறார்.