கேப்பையில் நெய் வடிந்த கதை

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பது தமிழில் வழங்கும் பழைய சொலவடை. நம்ப முடியாத செய்திக்கு உவமை தேடியவர்கள் கேழ்வரகையும் நெய்யையும் சேர்த்து நிறுத்தினார்கள். ஒன்று ஏழையின் கலயத்துக்கு உரியது, மற்றொன்று செல்வரின் இலைக்கு உரியது. இரண்டும் ஓரிடத்தில் சேரா என்ற உறுதி அந்தச் சொலவடைக்குள் இருக்கிறது. இன்று பெங்களூரின் உணவகங்களில் ஆவி பறக்கும் களி உருண்டையின் தலையில் நெய் ஊற்றிப் பரிமாறுகிறார்கள். அதைப் படமெடுத்துப் பரப்புகிறார்கள். அந்தப் படங்களைக் கண்டு, களியே கிண்டியறியாத வீடுகளிலும் செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த மாற்றத்துக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

கேழ் என்றால் நிறம். நிறமுடைய வரகு என்பதே கேழ்வரகு என்ற பெயரின் பொருள். தென்மாவட்டங்களில் அது கேப்பை, ஈழத்தில் குரக்கன், கன்னடத்தில் ராகி. குரக்கன் என்ற இலங்கை வழக்கிலிருந்தே இதன் தாவரவியற்பெயரின் பிற்பகுதியான ‘கொரகானா’ பிறந்தது. ஆயினும் இந்தத் தானியத்தின் பிறப்பிடம் இலங்கையோ தென்னிந்தியாவோ அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களே அதன் தாயகம். கடல் கடந்து வந்த பயிர், குறைந்த மழையும் செம்மண்ணும் கொண்ட தக்காணப் பீடபூமியில் தனக்கேற்ற இடத்தைக் கண்டுகொண்டது. இன்று இந்தியாவில் விளையும் கேழ்வரகில் பாதிக்கும் மேல் கர்நாடகத்தில் விளைகிறது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, கம்பெனி அரசு பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுத அனுப்பியது. 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூலில், புன்செய்ப் பயிர்களுள் தலையாயது ராகி என்றும், எளிய மக்கள் அனைவருக்கும் அன்றாட உணவு அதுவே என்றும் பதிவு செய்திருக்கிறார். உழவு, விதைப்பு, ஊடுபயிர், களையெடுப்பு என ஒவ்வொன்றையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆட்சியைக் கைப்பற்றியவர்களுக்கு வரி எங்கிருந்து வரும் என்று அறிய வேண்டியிருந்தது. அந்தத் தேவையால், எவரும் எழுதிவைக்க நினையாத ஏழையின் உணவு ஏட்டில் ஏறியது.

அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே ஒரு கன்னடக் கவிஞர் இந்தத் தானியத்தைக் காப்பியத் தலைமகனாக்கியிருந்தார். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கனகதாசரின் ‘ராமதான்ய சரித்ரெ’ என்னும் சிறுகாவியத்தில் நெல்லும் ராகியும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று வழக்காடுகின்றன. வேள்வியிலும் மணவிழாவிலும் தனக்கே இடம் என்கிறது நெல். வறியவரைக் கைவிட்டுச் செல்வரோடு சேர்ந்தாய் என்று இடித்துரைக்கிறது ராகி. இராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறான். காலம் முடிந்து வெளியே எடுத்தபோது நெல் நைந்துபோயிருக்கிறது; ராகி உறுதி குலையாமல் இருக்கிறது. ராகவன் தன் பெயரையே அதற்கு வழங்கியதால் ராகி ஆயிற்று என்று கதை முடிகிறது. பெயர்க்காரணம் கவிஞரின் கற்பனை. ஆனால் தீர்ப்புக்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்ட செய்தி உழவர் அனைவரும் அறிந்த உண்மை. கேழ்வரகு மணி மிகச் சிறியது, கடினமானது. பூச்சி எளிதில் அண்டாது. நிலத்தில் குழி தோண்டிச் சேமித்தால் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அந்தக் குழிகளே மைசூர்ச் சிற்றூர்களின் காப்பீடாக இருந்தன.

1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் அந்தக் காப்பீடும் தீர்ந்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றளவும் நினைவில் வைத்திருக்கும் அதே பஞ்சம்தான் மைசூரையும் சூறையாடியது. அடுத்தடுத்து மழை பொய்த்தபோது குழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வெறுமையாயின. 1871இல் ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்த மைசூர் நாட்டின் மக்கள்தொகை, 1881இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. சென்னை மாகாணத்தில், நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவே கூலி போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் 1877இல் நிர்ணயித்தார். உழைப்பவர் உயிர் தாங்க அது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனுக்கு எத்தனை பிடி தானியம் வேண்டும் என்பது அன்று கோப்புகளில் நிகழ்ந்த போராட்டம்.

அரசு அளந்து கொடுத்த கேழ்வரகு மற்றோரிடத்திலும் இருந்தது. சென்னை மாகாணச் சிறைகளில் நெடுங்காலம் கைதிகளின் உணவு கேழ்வரகுக் களி. ‘களி தின்ன வேண்டியிருக்கும்’ என்றால் சிறைக்குப் போக நேரும் என்று இன்றும் தமிழில் பொருள். வயலில் உழைத்தவர் நாள்தோறும் விரும்பி உண்ட உணவு, அதே பெயரால் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. திரைப்படங்களும் அந்த வழக்கைப் பரப்பின. களியின் மீது படிந்த வெட்கத்துக்குச் சுவை காரணமன்று. யார் அதை உண்டார்கள், எங்கே உண்டார்கள் என்பதே காரணம்.

பெங்களூரில் 1884இல் தொடங்கிப் பின்னர் பின்னி நிறுவனத்தின் கைக்குச் சென்ற துணி ஆலையும், அதைத் தொடர்ந்து எழுந்த ஆலைகளும், இருப்புப்பாதையும் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஈர்த்தன. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற குடியிருப்புகளில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். வந்தவர்களுக்குக் கேழ்வரகு புதிதன்று. விட்டுவந்த ஊரிலும் அதுவே உணவு. கன்னடர் வீட்டு முத்தெயும் தமிழர் வீட்டுக் களியும் ஒரே மாவின் இரு வடிவங்கள். முத்தெக்குக் கீரையும் பருப்பும் வேகவைத்து வடித்த நீரில் செய்த பஸ்ஸாரு துணை. களிக்குக் கருவாட்டுக் குழம்போ கீரை மசியலோ துணை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வார்க்கும் கூழும் அதே மாவிலிருந்து வந்தது. கோயில் வாசலில் அண்டாவிலிருந்து கூழ் வாங்கிக் குடிப்பதில் எவருக்கும் வெட்கம் இருந்ததில்லை. விருந்தினர் வந்த நாளில் மட்டும் களிச்சட்டி மறைந்து சோற்றுப் பானை அடுப்பேறியது.

அரிசிச் சோறு என்பது இருபதாம் நூற்றாண்டில் மானத்தின் அளவுகோலாகிவிட்டிருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தில் பெற்ற வலிமையை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும். நாள்தோறும் அரிசி உண்ண முடியாதிருந்தவர்களுக்கு அது வெறும் சலுகை அன்று. பிற்காலத்தில் நியாயவிலைக் கடைகள் அரிசியை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தன. பசி தணிந்தது. கூடவே கேழ்வரகும் தட்டிலிருந்து நகர்ந்தது. அதைக் கைவிட்டவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தலைமுறைகளாக வேறு வழியின்றி உண்டவர்கள் அவர்கள்.

பற்றாக்குறையில் பிறந்த எல்லா உணவும் இவ்வாறு இழிவு சுமக்கவில்லை. 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம், இரண்டாம் உலகப்போரின்போது அரிசி கிடைக்காததால் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததாகத் தன் வரலாற்றில் கூறிக்கொள்கிறது. பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோன காலம் அது. போர் முடிந்து அரிசி திரும்பியது. ரவா இட்லி போகவில்லை. முந்திரியும் நெய்யும் சேர்ந்து அது பெங்களூரின் பெருமைக்குரிய சிற்றுண்டியாயிற்று. ரவை இட்லியும் கேழ்வரகுக் களியும் பஞ்சகாலத்தின் துணைகளே. ஒன்று உணவகத்தின் சமையலறையில் பிறந்தது, மற்றொன்று குடிசையிலிருந்து வந்தது. மதிப்பின் வேறுபாடு அங்கே தொடங்குகிறது.

இன்று முதன்முறையாகக் களி செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். மாவு கட்டி தட்டுகிறது, அல்லது அடிப்பிடிக்கிறது. பழைய முறையில் இதற்கு விடை இருந்தது. மைசூர்ப் பக்கத்தில் கொதிக்கும் நீரில் சிறிது மாவைக் கரைத்து விட்டபின், மீதி மாவை நடுவில் குவித்துக் கொட்டுவார்கள், உடனே கிளறமாட்டார்கள். கோலால் குவியலின் நடுவே துளையிட, கொதிநீர் அதன் வழியே மேலெழுந்து மாவை வேகவைக்கும். பிறகே கிண்டுவார்கள். தமிழ்நாட்டு வழக்கில் முதலில் நொய்யைக் குழைய வேகவைத்து அதன்மீது மாவைத் தூவுவார்கள். வெந்த களியை நீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. கிண்டும்போது பானை நகராமலிருக்கக் கவைக்கோல் கொண்டு அதை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். இரு கைகளின் வலுவும் தோளின் வலுவும் கேட்கும் வேலை இது. நாள்தோறும் ஒரு குடும்பத்துக்கே அதைச் செய்த பெண்களின் உழைப்பு எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. இன்று காணொளியில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் செய்கைக்குப் பின்னே அந்த உழைப்பு இருக்கிறது. உருண்டையை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பதும் கற்க வேண்டிய பழக்கமே. மென்றால் பல்லில் ஒட்டும்.

பயிரைக் காத்தவர்களின் பெயர்களும் அதிகம் பேசப்படுவதில்லை. கனடாவிலிருந்து வந்து மைசூர் வேளாண்துறையை வழிநடத்திய லெஸ்லி கோல்மன், ஹெப்பாள் பண்ணையில் ராகி ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்டார். கோயம்புத்தூரில் சிறுதானிய வல்லுநர் ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் இதன் மரபியலை ஆராய்ந்தார். கேழ்வரகின் பூக்கள் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அளவு சிறியவை. தம்முள்ளேயே மகரந்தம் சேர்ப்பவை. ஆகவே இரு வகைகளைக் கலப்பது பெரும்பாடு. மண்டியாவின் விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பண்ணையில் அந்தப் பாட்டைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் செய்தவர் லட்சுமணய்யா. இந்திய வகைகளை ஆப்பிரிக்க வகைகளோடு கலந்து அவர் உருவாக்கிய விதைகளுக்கு இரு நிலங்களின் பெயரையும் இணைத்து ‘இண்டாஃப்’ என்று பெயரிட்டார். 1970களில் பரவிய அந்த விதைகள் விளைச்சலைப் பெருமளவு உயர்த்தின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவுகள் மண்டியாவின் வயலில் மீண்டும் கூடின. கன்னட உழவர் அவரை ‘ராகி லட்சுமணய்யா’ என்றே அழைத்தார்கள்.

தானியத்தின் மதிப்பு மாறிய படிகளையும் வரிசையாகக் காணலாம். 1996இல் தலைமை அமைச்சரான தேவகவுடாவோடு முத்தெயும் தில்லிக்குச் சென்றது. நாளிதழ்கள் அதை வேடிக்கையாகவும் வியப்பாகவும் எழுதின. 2018இல் நடுவண் அரசு சிறுதானியங்களைச் சத்துத் தானியங்கள் என்று பெயர்மாற்றி அறிவித்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்ற செய்தி மருத்துவர் வாயிலிருந்து வந்தபோது, பாட்டியர் சொன்னபோது கேளாத காதுகள் கேட்டன.

இவ்வளவு புகழுக்கு நடுவே ஒரு கணக்கும் உண்டு. 1960களில் இந்தியாவில் இருபத்தைந்து இலட்சம் ஹெக்டேர் அளவில் பயிரான கேழ்வரகு, இன்று அதில் ஏறக்குறையப் பாதி நிலத்தில்தான் பயிராகிறது. பெங்களூரைச் சுற்றியிருந்த ராகி வயல்களில் பல இன்று அடுக்ககங்களாக நிற்கின்றன. உணவகத்தில் ஒரு களி உருண்டைக்குக் கொடுக்கும் விலைக்கும் உழவர் கைக்குச் சேரும் விலைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கர்நாடக அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு ராகி வாங்கித் தென்மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் வழங்குவது அந்தத் தொலைவைச் சற்றுக் குறைக்கிறது. படம்பிடித்துப் பரப்பும் ஆர்வம் ஒரு பருவத்தில் தணிந்துவிடக்கூடும். அதற்குப் பிறகும் பானை அடுப்பில் ஏறுமாயின், அங்கே கேட்க வேண்டியவை இரண்டு: மாவு எந்த வயலிலிருந்து வந்தது, களி கிண்டும் பக்குவம் யாரிடமிருந்து கற்றது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த வீட்டில் கேப்பையில் நெய் வடிகிறது என்றால் நம்பலாம்.