பழனி மலைச் சோலைப் பறவைகளும் பரிணாமக் கோட்பாடும்

1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், உயிரினங்களின் பரவலைப் பேசும் இடத்தில், தென்னிந்திய மலைகளும் தலைகாட்டுகின்றன. இமயத்திலும் இந்தியத் தீபகற்பத்தின் தனித்த மலைகளிலும் இலங்கை மேட்டுநிலத்திலும் ஒரே வகையான, அல்லது நெருங்கிய உறவுடைய, தாவரங்கள் வளர்வதைச் சார்லஸ் டார்வின் சுட்டினார். பனியுகக் குளிரில் அவை தாழ்நிலத்துக்கு இறங்கிப் பரவின, வெப்பம் திரும்பியதும் மலையேறி ஒதுங்கின என்பது அவர் தந்த விளக்கம். கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையின் பறவைகளைக் கொண்டு சோதித்தால் இவ்விளக்கம் பாதியளவே நிற்கிறது.

பழனி மலைக்கும் நீலகிரிக்கும் இடையில் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. இருபுறமும் 2,000 மீட்டருக்கு மேல் சோலைக்காடும் புல்வெளியும். நடுவே கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத வெக்கை நிலம். சோலையின் ஈர நிழலில் தரையோடு இரை தேடும் சிறு பறவைக்கு இது கடலுக்குச் சமம்.

அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பாங்க் 1860களில் இம்மலையில் பறவைகளைச் சேகரித்தார். நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு 1868இல் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளிக்கும், 1869இல் பழனிச் சிரிப்பானுக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். சிரிப்பானின் பெயரில் ஃபேர்பாங்க் இன்றும் வாழ்கிறார். நீலகிரிச் சிரிப்பானுக்கு மோவாய் கறுப்பு, மார்பு செம்பழுப்பு. பழனிச் சிரிப்பானுக்கோ மார்பு சாம்பல், மோவாயில் கறுப்பு கிடையாது. நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பு. பழனியில் அந்நிறம் இல்லை. கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், இருபதாம் நூற்றாண்டு வகைப்பாட்டாளர் பலர் இரு சோலைக்கிளிகளையும் ஒரே இனத்தின் வட்டார வடிவங்களாக அடக்கிவிட்டனர். ஒழுங்கு தேடும் ஆர்வம் சில வேளைகளில் கண்ணையே மறைத்துவிடுகிறது.

மரபணு ஆய்வு இதைத் திருத்தியது. வி. வி. ராபினும் உடனாய்வாளர்களும் 2017இல் சோலைக்கிளிகளுக்கும் சிரிப்பான்களுக்கும் தனித்தனிப் புதிய பேரினங்களை நிறுவினர். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்திய மலைப் பகுதியில், மூன்றாவது சோலைக்கிளி இனத்தையும் விவரித்தனர். குட்டை இறக்கை கொண்ட வேறொரு பறவைக் குழுவோடு நெடுங்காலம் சேர்த்து எண்ணப்பட்ட சோலைக்கிளி, உண்மையில் நீல ஈப்பிடிப்பான்களின் உறவு. ஒரே வகை வாழ்வு, உறவில்லாதவற்றுக்கும் ஒரே வகை உருவைத் தந்திருக்கிறது.

ஆனால் கணவாய் மட்டுமே இனங்களைப் பிரித்தது என்று முடிவுகட்டுவதும் அவசரம். இதே குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையின் 23 மலைப்பறவை இனங்களில் 10 இனங்களிடம் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயில் தெரிந்தது. இவற்றுள் சில, குறுகலான பிற கணவாய்களில் பிற்காலத்தில் மீண்டும் பிரிந்தன. பிரிந்த காலமோ இனத்துக்கு இனம் வேறு. பெரும்பாலானவை பனியுகங்கள் மாறிமாறி வந்த பிளைஸ்டோசீன் காலத்தவை. எனவே எங்கே பிரிவது என்பதைப் பள்ளம் தீர்மானித்தது. எப்போது என்பதில் தட்பவெப்பத்துக்குப் பங்குண்டு. டார்வினின் பனியுகம் இங்கேதான் இடம்பெறுகிறது. உறவினங்களை மலைமலையாகச் சிதறவிட்டதோடு அதன் வேலை முடியவில்லை. வாழிடத்தை விரித்தும் சுருக்கியும் புது இனங்கள் கிளைக்கவும் வழி செய்தது. அப்படியும் எல்லா உயிர்களுக்கும் ஒரே கணக்கு பொருந்தவில்லை. கணவாயின் இருபுறமும் பாறைச் சரிவுகளில் மேயும் வரையாடு இன்றும் ஒரே இனம்தான்.